இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள்

'மைட்டாசிஸ், மியாசிஸ் வேறுபடுத்துக' (செல் பிரியும் இரண்டு விதங்கள் இவை) என்று கேட்டால் மாணவர்கள் நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு என்று கடகடவென எழுதிவிடுகிறார்கள். மியாசிஸில் குரோமோசோம் (மரபுப் பண்புகளைச் சுமக்கும் நூல் போன்ற பொருள்) எண்ணிக்கை பாதியாகிறது என்பதும் அதில் தவறாமல் இருக்கும். சரி, மியாசிஸில் செல் அடுத்தடுத்து இரண்டு முறை பிரிகிறதே, எண்ணிக்கை பாதியாவது முதல் பிரிவிலா, இரண்டாவது பிரிவிலா? இதைக் கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும், அப்புறம் யாராவது ஒருவர் தயங்கித் தயங்கி "இரண்டாவதில்" என்பார். உயிரியல் நடத்துகிற எனக்கு இது ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன், அட்டவணையைத்தான் சொல்வேன். மைட்டாசிஸை மியாசிஸ் முழுவதோடும் ஒரே வரியில் ஒப்பிட்டால் நடுவில் நடப்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

அதனால் நான் இப்போதெல்லாம் நூல் கொண்டுபோகிறேன். சிவப்பில் ஒரு நீளம், ஒரு குட்டை, நீலத்திலும் அதே மாதிரி, ஆக நான்கு குரோமோசோம். செல் பிரியும் முன் ஒவ்வொன்றும் நகலெடுக்கப்படும் என்பதால், ஒவ்வொன்றையும் இரட்டை நூலாக்கி நடுவில் ஒரு முடிச்சு. மைட்டாசிஸில் நான்கும் தனித்தனியாக நடுக்கோட்டில் வந்து நிற்கும், முடிச்சு அவிழும், பக்கத்துக்கு நான்கு ஒற்றை நூல் போகும். மியாசிஸின் முதல் பிரிவில் நீளச் சிவப்பு நீள நீலத்தோடு ஜோடி சேரும், துண்டுகளை மாற்றிக்கொள்ளும் (குறுக்கேற்றம் என்று படிக்கிறோமே, அதுதான்), பிறகு முடிச்சு அவிழாமலே ஜோடி மட்டும் பிரிந்து பக்கத்துக்கு இரண்டாகப் போகும். எண்ணிக்கை பாதியாவது இங்கேயே. இரண்டாவது பிரிவில் வெறும் முடிச்சுதான் அவிழ்கிறது, அதாவது மைட்டாசிஸில் பார்த்த அதே காட்சி. கையில் நூலை வைத்து ஒரு தடவை செய்த பிள்ளை இதை மறப்பதில்லை.

அதோடு இன்னொரு பழக்கமும் சொல்லிக்கொடுக்கிறேன். எந்த ஜோடியைப் படித்தாலும் ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்து, என்ன கெடும் என்று யோசிக்கச் சொல்கிறேன். மனிதரில் விந்தணுவும் முட்டையும் மைட்டாசிஸால் உண்டானால் 46-ம் 46-ம் சேர்ந்து 92, அடுத்த தலைமுறையில் 184. மியாசிஸ் எதற்கு என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

செடிக்குள் தண்ணீரைக் கடத்தும் சைலம், உணவைக் கடத்தும் புளோயம், இவற்றின் கதையும் இதேதான். 'சைலம் மேலே, புளோயம் கீழே' என்று அம்புக்குறி போட்டுப் படித்திருப்பார்கள், அதில் பாதி தவறு. உணவு எங்கே உண்டாகிறதோ, சேர்த்து வைத்திருக்கிறதோ, அங்கிருந்து தேவைப்படும் இடத்துக்குப் புளோயம் கொண்டுபோகும். முளைவிடும் கிழங்கில் அது மேல்நோக்கித்தான் ஓடுகிறது. இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மரத்தைச் சுற்றிக் கம்பியை இறுக்கிக் கட்டிவிட்டு அப்படியே மறந்துவிடுகிறவர்கள் நிறைய. தண்டு பருக்கப் பருக்கக் கம்பி பட்டைக்குள் இறங்கும், பட்டையில் இருக்கும் புளோயம் நசுங்கும். உள்ளே சைலம் நன்றாக இருப்பதால் இலை உடனே வாடாது, மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்துக்கொள்வோம். கம்பிக்கு மேலே தண்டு வீங்கியிருக்கும், கீழே வேர் உணவில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். வேர் போனபின் மரம் எங்கே நிற்கும்? வீங்கிய தண்டைப் பார்த்தால் தயவுசெய்து அன்றைக்கே கம்பியை வெட்டிவிடுங்கள்.

எக்செல் தாளிலும் நான் இதே பாடத்தைப் படித்தேன், கொஞ்சம் வலியோடு. 40 பேரின் மதிப்பெண் சி2 முதல் சி41 வரை இருந்தது. முதல் மாணவருக்கு ரேங்க் ஃபார்முலா போட்டு, சி2-ஐ சி2:சி41-ல் தேடச் சொல்லி, கீழே இழுத்துவிட்டேன். பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் பட்டியலில் கடைசியில் இருந்த பிள்ளைக்கு முதல் ரேங்க்! இழுக்க இழுக்க வரம்பும் சேர்ந்து நகர்ந்து, கடைசி வரியில் அது சி41:சி80 ஆகிவிட்டது, அங்கே அந்தப் பிள்ளையைத் தவிர வேறு ஆளே இல்லை. நடுவில் இருந்தவர்களின் ரேங்க்கும் பலருக்குத் தவறு, அது சட்டென்று கண்ணில் படவும் இல்லை. கண்டுபிடித்தது ஒரு மாணவி.

சி2 மாதிரி ஒரு கட்டத்தைக் குறிக்கும் முகவரியில், ஃபார்முலாவை இழுக்கும்போது நகரும் முகவரி, நகராத முகவரி என்று இரண்டு இருப்பது எனக்கு அதற்கு முன்பே தெரியும், வரையறை கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பேன். வரம்பின் எழுத்துக்கும் எண்ணுக்கும் முன்னால் டாலர் குறி போட்டிருந்தால் அது அசையாமல் நின்றிருக்கும். அதற்காக எல்லாவற்றுக்கும் டாலர் போட்டுவிடலாமா என்றால், அதையும் இடம் மாற்றிப் பாருங்கள்: சி2-ஐயும் பூட்டிவிட்டால் 40 பேருக்கும் முதல் மாணவரின் ரேங்க்தான் வரும்.