பெருக்கினால் இரைச்சல் ஏறும், வகுத்தால் இறங்கும்

ரேடார்களுக்கான ஆசிலேட்டர்களை, அதாவது சீரான அலை தரும் சுற்றுகளை, சோதிப்பது என் பிழைப்பு. கொஞ்ச நாளாக இளைய பொறியாளர்கள், "சார், ஒளி அதிர்வெண் வகுத்தல் சிப்பிலேயே வந்துடுச்சாமே, இனி குவார்ட்ஸ் எதுக்கு?" என்று கேட்கிறார்கள். லேசர் ஒளியின் அதிர்வெண்ணை வகுத்து மைக்ரோவேவ் சிக்னல் எடுப்பதைத்தான் சொல்கிறார்கள். அவசரப்படாதீர்கள்.

10 மெகாஹெர்ட்ஸில் அதிரும் குவார்ட்ஸ் படிகத்தின் அலையை ஆயிரம் மடங்கு பெருக்கி 10 கிகாஹெர்ட்ஸ் ஆக்கினால், அதன் ஃபேஸ் நாய்ஸ் (அலையின் தாளத்தில் வரும் நடுக்கம்) 60 டெசிபெல் கூடவே ஏறிவரும். லேசரில் கதை தலைகீழ். சுமார் 200 டெராஹெர்ட்ஸில் ஓடும் ஒளியை 20,000-ஆல் வகுத்தால் அதே 10 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும், இரைச்சலோ 86 டெசிபெல் இறங்கும். இடையில் பற்சக்கரம் போல நிற்பது அதிர்வெண் சீப்பு, அதாவது சம இடைவெளியில் பல் பல்லாக நிற்கும் ஒளி அதிர்வெண்களின் வரிசை; 2005-இல் ஹாலுக்கும் ஹென்ஷுக்கும் நோபல் வாங்கித் தந்த அதே சீப்பு.

ஆனால் 2024-இல் பேசப்பட்ட சிப் ஆய்வுகள் இந்த முழு வகுத்தலைச் செய்யவில்லை. இரண்டு லேசர்களை ஒரே கேவிட்டியில் (ஒளியை உள்ளே சுழலவிட்டு அதன் அதிர்வெண்ணை நிலைப்படுத்தும் அமைப்பு) பூட்டி, அவற்றுக்கு இடையிலுள்ள இடைவெளியை மட்டும் சீப்பால் வகுக்கிறார்கள். இடைவெளி 1 டெராஹெர்ட்ஸ், சீப்பின் பல் 20 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்று என்றால் வகு எண் வெறும் 50, அதாவது 34 டெசிபெல். 86 எங்கே, 34 எங்கே! நல்லவேளையாக, கேவிட்டி நடுங்கினால் இரண்டு லேசரும் சேர்ந்தே நகர்வதால் அந்த நடுக்கம் இடைவெளியில் பெரும்பாலும் கழிந்துவிடும். பூட்டுக்குப் பிறகும் ஒவ்வொரு லேசரிலும் தனியாக மிஞ்சும் இரைச்சலுக்குத்தான் அந்த 34.

அப்புறம், விளம்பரத் தாளில் பெரிதாகப் போடும் இரைச்சல் எண் பெரும்பாலும் 10 கிலோஹெர்ட்ஸ் ஆஃப்செட்டில், அதாவது கேரியர் எனும் மூல அதிர்வெண்ணிலிருந்து அவ்வளவு தள்ளி, எடுத்தது. 10 கிகாஹெர்ட்ஸ் ரேடார் முன் ஒருவர் விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் நடந்து வந்தால் டாப்ளர் விலகல் 100 ஹெர்ட்ஸ்தான். அங்கே இரைச்சல் உயர்ந்திருந்தால் பின்னால் இருக்கும் சுவரின் எதிரொலி அந்த ஆளையே விழுங்கிவிடும். கேரியருக்கு இவ்வளவு பக்கத்தில் கேவிட்டியின் வெப்ப நடுக்கமும் அதிர்வும்தான் ராஜா.

ஒருமுறை எங்கள் இரைச்சல் வரைபடத்தில் திடீரென்று ஒரு முள் முளைத்தது. லேசர், பூட்டு, ஃபோட்டோடயோடு என்று அரை நாள் தேடினோம். கடைசியில் பார்த்தால், அதே மேசையில் இருந்த பவர் சப்ளையின் குளிர்விசிறி! அதைத் தரையில் இறக்கி வைத்ததும் முள் பாதியாகக் குறைந்தது, அணைத்தபோது காணாமலே போனது.

அதனால் சிப்பின் படத்தைக் காட்டி யாராவது விற்க வந்தால் நான் முதலில் கேட்பது, கேவிட்டி எங்கே இருக்கிறது, அதுவும் சிப்பிலா, வெளியே தனியாகவா என்றுதான். அடுத்தது, 100 ஹெர்ட்ஸில் இரைச்சல் எவ்வளவு, அளக்கும்போது பக்கத்தில் விசிறி ஓடியதா?