வெட்டிப்போன ‘ன்னு கேள்வி’

காரைக்குடியில் உட்கார்ந்து பாட்காஸ்ட் எடிட் செய்வது என் பிழைப்பு. அரசியல், ஆன்மிகம், ஊர் வரலாறு, அந்த வாரத்துச் சர்ச்சை எல்லாமே என் மேசைக்கு வந்து போகும். கேட்கிறவர்களுக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கு முதலில் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செட்டிநாட்டு வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், உட்கார்ந்து பேட்டி எடுக்க எல்லாருக்கும் ஆசை. வீடியோவில் பார்க்க அழகு, மைக்குக்குத்தான் தலைவலி. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவர் எதுவும் சத்தத்தை உள்வாங்காது. பேச்சு அங்கும் இங்கும் மோதித் திரும்பி வரும். ஆனால் அதிலும் கேட்பவருக்கு ஒரு நல்லது உண்டு. ஒரு சொல்லைப் பாதியில் வெட்டினால் எதிரொலியும் சேர்ந்து அறுந்து, வெட்டு காதில் இடறிவிடும். அதனால் விருந்தாளியைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய், சுவரோரம் மெத்தையைச் சாய்த்து, தரையில் சமுக்காளம் விரித்துப் பேச வைப்போம். அந்த அறையில் பதிந்த பேச்சை எங்கே வெட்டினேன் என்று மறுநாள் கேட்டால் எனக்கே தெரியாது.

இரண்டு மணி நேரப் பேச்சு ஐம்பது நிமிடமாகக் குறைவது சாதாரணம். இருமல், செருமல், டீ கொண்டு வரும் சத்தம், யோசிக்கும் மௌனம் எல்லாம் போகும். இப்போது மென்பொருளே பேச்சை எழுத்தாக்கித் தந்துவிடுகிறது. எழுத்தில் ஒரு வரியை அழித்தால் குரலிலும் அந்த வரி இருக்காது. இது வரைக்கும் தப்பில்லை, கேட்பவர் நேரத்தை மிச்சப்படுத்துகிறோம்.

அப்புறம்தான் நான் செய்த வேலை. ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன் ஊர்க் கோயில் வழக்கங்களைப் பற்றி வெகு அழகாகப் பேசினார். நடுவில் முதல் மரியாதை பற்றி வந்தது. “அந்தக் காலத்துல முதல் மரியாதை இன்னாருக்குத்தான் இருந்துச்சுன்னு கேள்வி. எழுத்துல நான் எதையும் பார்க்கல” என்றார். தயாரிப்பாளருக்கு ஒரு நிமிடத்துக்குள் ஷார்ட்ஸ் வேண்டும். ‘இழுக்குது, டைட் பண்ணுங்க’ என்று செய்தி வந்தது. பண்ணினேன். “இருந்துச்சு” என்பதோடு நிறுத்தினேன். இரண்டாவது வாக்கியமும் போயிற்று. மொத்தம் நாலைந்து வினாடிதான்.

திருவிழா நெருங்கிய நேரம். கிளிப் வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றியது. ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் இரண்டு தரப்பும் வந்து உட்கார்ந்தன. ஒரு தரப்புக்கு அவர் சாட்சி, இன்னொரு தரப்புக்குத் துரோகி. அவர் எனக்குப் போன் செய்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். “தம்பி, தமிழ்ல சந்தேகம் வாக்கியத்தோட வால்லதான் இருக்கும். நீங்க வாலை நறுக்கிட்டீங்க” என்றார். பாடம் நடத்துகிற அதே குரல்.

அன்றிலிருந்து எந்தப் பேச்சைக் கேட்டாலும் வாலைத்தான் கவனிக்கிறேன். ‘என்கிறார்கள்’, ‘போலிருக்கு’, ‘இருக்கலாம்’, ‘ஆம்’ எல்லாமே கடைசியில் வருபவை. ‘வந்தாராம்’ என்பதில் ‘ஆம்’ போனால் ‘வந்தார்’. வதந்தி வரலாறாக மாற ஒரு வினாடிகூட வேண்டாம். பொய் சொல்ல வைக்க ஒரு சொல்லையும் சேர்க்க வேண்டியதில்லை, கடைசியை எடுத்தால் போதும். அரசியல் பேச்சில் தினமும் நடப்பது இது. ஆன்மிகப் பேச்சில் இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே தயக்கத்தோடு பேசினால் பார்வை ஏறாது என்பது தயாரிப்பாளர்களின் நம்பிக்கை.

இந்த ஊருக்கு வாதம் புதிதில்லை. ராய. சொக்கலிங்கத்தின் ‘ஊழியன்’, சொ. முருகப்பாவின் ‘குமரன்’ என்று 1920-களில் இங்கிருந்து வந்த பத்திரிகைகள் மதத்தையும் சமூகச் சீர்திருத்தத்தையும் பேசியவை. அப்போதிருந்த 1867-ஆம் ஆண்டுச் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இதழிலேயே இருந்தாக வேண்டியிருந்தது. கோபம் வந்தால் எந்த வாசலில் போய் நிற்பது என்று தெரியும். சா. கணேசன் 1939-இல் தொடங்கிய கம்பன் விழாவின் பட்டிமண்டபத்தில் எதிரணி என்று ஒன்று உண்டு, நடுவரும் உண்டு. பேச்சாளர் தடுமாறினால் கூட்டம் பார்க்கும். இன்றைக்கும் தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி வாசிக்க முடியாது. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். பாட்காஸ்டுக்கு அப்படிப்பட்ட கதவு எதுவும் இல்லை. அந்தச் சுதந்திரம் எனக்குப் பிடிக்கும், சோறும் அதில்தான். ஆனால் என்னைப்போல் வெட்டுகிறவனின் பெயரை யாரும் எங்கேயும் போடுவதில்லை.

சரி, கேட்பவர் என்ன செய்யலாம்? கிளிப்பை மட்டும் வைத்துக்கொண்டு யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். முழுப் பதிவைத் தேடி, அந்த இடத்துக்கு ஒரு நிமிடம் முன்னும் பின்னும் கேளுங்கள். என் ஆசிரியர் விஷயத்தில் இதைச் செய்திருந்தாலே திண்ணை காலியாக இருந்திருக்கும், ஏனென்றால் முழுப் பதிவில் வால் பத்திரமாக இருந்தது. வாக்கியம் முடியும் இடத்தில் குரல் இறங்காமல் அந்தரத்தில் நின்றால் சந்தேகப்படுங்கள். தமிழ் பேசுகிறவர் வாக்கியத்தை அப்படி முடிப்பது அபூர்வம். வீடியோவாக இருந்தால், பேச்சு நடுவில் கேமரா கோணம் மாறும் இடத்தைப் பாருங்கள். எல்லாக் கோண மாற்றமும் வெட்டு இல்லை, ஆனால் வெட்டை மறைக்க எங்களுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. மின்விசிறிச் சத்தமோ காக்கைச் சத்தமோ சட்டென்று அறுந்தால் அங்கே கத்தரி பட்டிருக்கிறது. ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறவர்களுக்கு இது எதுவும் பிடிபடாது. அவர்கள் காதுக்குத் தயங்குகிற மனிதரும் அடித்துப் பேசுகிறவர் மாதிரிதான் ஒலிப்பார்.

பேசப் போகிறவர்களுக்கும் ஒன்று. வெளியாகும் முன் கிளிப்பைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அந்த மைக் முன்னால் உட்கார வேண்டாம்.

நான் அந்தக் கிளிப்பை எடுக்கச் சொல்லி, வாலோடு சேர்த்து மறுபடி ஏற்ற வைத்தேன். முதலாவது போன தூரத்தில் பாதிகூட இரண்டாவது போகவில்லை. ஆசிரியர் அதற்குப் பிறகும் பேச வருகிறார், அதே அறைதான், அதே சமுக்காளம். இப்போதெல்லாம் “நான் கேள்விப்பட்ட வரைக்கும்” என்று வாக்கியத்தின் தலையிலேயே வைத்துப் பேசுகிறார். “சார், தலையை வெட்டுறது இன்னும் சுலபம்” என்றேன். சிரித்தார். பேசி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து பென் டிரைவை எடுத்து நீட்டினார். முழு ஃபைலும் அதில் ஏறி முடியும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.