உறுதி இல்லாத கண்டம்

இலங்கை மலையகத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக்குப் பின்னால், தண்ணீர்ப் பீலிக்குப் போகிற பாதையோரத்தில் ஒரு பாறை இருக்கிறது. மழை விட்டதும் அதில் மிளகளவு சிவப்புப் புள்ளிகள் மினுங்கும். கார்னெட் கற்கள். சின்ன வயதில் ஊக்கால் நோண்டி எடுக்கப் பார்ப்போம், ஒன்றும் பெயராது.

சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் அடியாழத்தில் வெந்து இறுகிய பாறைகள் இவை. அப்போது கோண்டுவானா என்ற பெருநிலம் உருவாகிக்கொண்டிருந்தது. அதில் இலங்கையும் கிழக்கு அந்தாட்டிக்காவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மலையகப் பாறையின் உறவுக்காரப் பாறைகள் இன்றைக்கும் அங்கே லுட்சோ-ஹோல்ம் விரிகுடாவின் கரையில் கிடக்கின்றன. அந்தப் பக்கம்தான் ஜப்பான் 1957இல் ஷோவா ஆய்வு நிலையத்தை அமைத்தது.

சரி, அந்த நிலம் யாருடையது? மலையகத்தில் காணி என்றாலே முதலில் வருகிற கேள்வி, 'உறுதி, அதாவது காணிப் பத்திரம், யார் பேரில்?' என்பதுதான். பாட்டன் காலத்திலிருந்து குடியிருக்கிற லயக் காம்பராவுக்கும் உறுதி இல்லாத குடும்பங்கள் இங்கே ஏராளம். அதனால் இந்தக் கேள்வியை நான் லேசாகக் கேட்கவில்லை.

ஷோவா இருக்கிற பகுதியை நோர்வே தன்னுடையது என்கிறது. ஆனால் ஜப்பான் அங்கே நிலையம் நடத்த நோர்வேயிடம் அனுமதி கேட்பதில்லை, வாடகை கட்டுவதுமில்லை. இந்தியாவின் மைத்ரி நிலையமும் நோர்வே உரிமை கோரும் பகுதியில்தான் இருக்கிறது. பாரதி நிலையம் இருப்பது அவுஸ்திரேலியா கோரும் பகுதியில். யாரும் யாரையும் குடியெழுப்பவில்லை. இது எப்படி நடக்கிறது?

அந்தாட்டிக்காவில் ஏழு நாடுகள் உரிமை கோருகின்றன: பிரித்தானியா, நியூசிலாந்து, பிரான்ஸ், நோர்வே, அவுஸ்திரேலியா, சிலி, ஆர்ஜென்டினா. அவுஸ்திரேலியா மட்டும் கண்டத்தில் சுமார் 42 சதவீதத்தைக் கேட்கிறது. பிரித்தானியா, சிலி, ஆர்ஜென்டினா மூன்றும் கோருகிற பகுதிகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. 1952இல் ஹோப் விரிகுடாவில் கரையிறங்கிய பிரித்தானியர்களின் தலைக்கு மேலாக ஆர்ஜென்டினாக்காரர்கள் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார்கள். பங்காளிச் சண்டை அந்த அளவுக்குப் போயிருந்தது.

அப்புறம் 1959 டிசம்பர் 1ஆம் திகதி 12 நாடுகள் வாஷிங்டனில் அந்தாட்டிக்கா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பனிப்போர் உச்சத்தில் இருந்த நேரத்தில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அதில் ஒன்றாக இருந்தன. அதன் உயிர்நாடி நான்காவது உறுப்புரை. பழைய உரிமைக் கோரிக்கை எதையும் அது ஏற்கவில்லை, தள்ளுபடி செய்யவும் இல்லை. ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்வரை அங்கே என்ன செய்தாலும் அது உரிமைக்குச் சான்றாகாது, புதிதாக யாரும் உரிமை கோரவும் முடியாது என்று மட்டும் சொன்னது. நூறு வருடம் நிலையம் நடத்தினாலும் 'நான் இங்கேதான் இருந்தேன்' என்று வழக்குக்குப் போக முடியாது. கொடி நட்டுப் பயனில்லை என்று ஆனதும் சண்டைக்கும் வேலையில்லாமல் போனது. வழக்கைத் தீர்க்காமலே வேலையை நடக்கவிட்ட இந்த யோசனை, மனிதர்கள் எழுதிய மிக நல்ல வாக்கியங்களில் ஒன்று என்றே நினைக்கிறேன்.

மற்றதெல்லாம் அதன் மேல் கட்டியவை. தெற்கு 60 பாகைக்குக் கீழே படைத்தளம் கூடாது, அணுகுண்டுச் சோதனை கூடாது. ஒரு நாட்டின் நிலையத்தை இன்னொரு நாட்டின் பார்வையாளர்கள் எந்த நேரமும் போய்ச் சோதிக்கலாம். முடிவெடுக்கும் நாடுகள் வருடாவருடம் கூடுகின்றன, 2024இல் கொச்சியில் கூடின. ஒரு நாடு மறுத்தாலும் தீர்மானம் நிறைவேறாது. அதனால் வேலை மெதுவாகத்தான் நகரும், அது ஒரு குறைதான்.

கனிமம் தோண்டுவதை, அந்த ஒப்பந்தத்தோடு சேர்த்து 1991இல் கையெழுத்தான மாட்ரிட் நெறிமுறை தடுக்கிறது. 1998இல் அது அமுலுக்கு வந்தது. 2048இல் இந்தத் தடை காலாவதியாகிவிடும் என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. அந்த ஆண்டிலிருந்து மீளாய்வு மாநாடு கேட்கலாம், அவ்வளவுதான். தடையை நீக்க வேண்டுமானால், முதலில் தோண்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்ட ஏற்பாடு ஒன்று நடைமுறையில் இருக்க வேண்டும்.

பாறை ஆராயப் போகிறவர் அனுமதி பெற்று ஒரு துண்டை உடைத்து எடுத்துவரலாம். சுற்றுலா போகிறவர் அந்தச் சிவப்புப் புள்ளிக் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு வரவேண்டும்.