போல்ட் ஏன் கழல்கிறது, பட்டறையில் எதை வாங்கி வைப்பது

வீட்டுப் பட்டறைக்கு ஸ்க்ரூ, போல்ட் எல்லாம் என்னென்ன அளவில் வாங்கி வைக்கலாம் என்று வாசகர் ஒருவர் பட்டியல் கேட்டிருந்தார். கூடவே இன்னொன்றும் கேட்டிருந்தார்: மோட்டாரின் அடியில் இருக்கும் போல்ட்டை எத்தனை முறை இறுக்கினாலும் திரும்பக் கழன்றுவிடுகிறதே, பெரிய சைஸ் போட்டால் சரியாகுமா? இரண்டாவது கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் முதலில் கேட்ட பட்டியல் பாதிக்குமேல் தானாகவே வந்துவிடும், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மரை என்பது உருளையைச் சுற்றி வளைத்த சாய்தளம், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எம்6 போல்ட்டில், அதாவது 6 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டில், நட் ஒரு முழுச் சுற்று சுற்றினால் 1 மி.மீ. முன்னேறும். சரி, நட் தகட்டில் போய் முட்டிய பிறகும் ஸ்பானரைத் திருப்புகிறோமே, அந்தத் திருப்பல் எங்கே போகிறது? கொஞ்சம் தகடுகள் நசுங்குகின்றன, மீதிக்கு போல்ட் நீள்கிறது. இரும்புத் துண்டு ரப்பர் மாதிரி நீள்கிறது என்றால் நம்பச் சிரமமாக இருக்கும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 15 செ.மீ. ஸ்பானரின் நுனியில் ஏறக்குறைய 7 கிலோ எடைக்குச் சமமாக இழுத்தால் 10 நியூட்டன் மீட்டர் முறுக்கு கிடைக்கும். எண்ணெய் போடாத சாதாரண எம்6 போல்ட்டில் அது சுமார் 850 கிலோ இழுவிசையாக மாறுகிறது. அந்த விசையில், 50 மி.மீ. தடிமனைப் பிடித்திருக்கும் போல்ட் 0.1 மி.மீ. நீளும், அதாவது ஒரு தாளின் தடிமன். நீண்ட போல்ட் சுருங்கப் பார்க்கிறது, சுருங்கும் அந்த ஆசைதான் தகடுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. போல்ட் ஒரு முரட்டு ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. மற்றதெல்லாம் தலைக்கடியிலும் மரையிலும் உராய்வுக்குப் போய்விடுகிறது. வீணாகிறதே என்று வருத்தப்பட வேண்டாம், அந்த உராய்வு இல்லையென்றால் ஸ்பானரை எடுத்தவுடனே நட் தானாகச் சுற்றிக்கொண்டு இறங்கிவிடும். எம்6 மரையின் சாய்வு மூன்றரை டிகிரிக்கும் சற்றுக் குறைவு. அவ்வளவு மெல்லிய சரிவில் எந்தப் பெட்டியும் வழுக்காது, நட்டும் வழுக்காது.

அப்படியானால் ஏன்தான் கழல்கிறது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

விரலில் இறுகிப்போன மோதிரத்தை நேராக இழுத்தால் வராது, ஆனால் இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே இழுத்தால் மெல்ல நகர்ந்து வந்துவிடும். ஏனென்றால், உராய்வு ஒரு நேரத்தில் ஒரு திசையில்தான் வேலை செய்யும், பொருள் எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அதற்கு நேர் எதிராக மட்டும். மோதிரம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தில் உராய்வு முழுவதும் அந்தச் சண்டையில் இருக்கிறது, நீளவாட்டில் தடுக்க அதனிடம் எதுவும் மிச்சமில்லை. போல்ட்டிலும் இதேதான். தகடுகள் பக்கவாட்டில், போல்ட்டுக்குக் குறுக்காக, மிக மிகக் கொஞ்சமாக ஆடினால் போதும், மரைப் பரப்பும் தலையின் அடிப்பரப்பும் அந்தத் திசையில் வழுக்கும். வழுக்கும் அந்தக் கண நேரத்துக்கு நட் உராய்வே இல்லாத ஒரு சரிவில் நிற்பதாக ஆகிவிடுகிறது, மூன்றரை டிகிரி சாய்வுகூட அப்போது போதும், இம்மியளவு பின்னால் சுற்றிவிடும். அடுத்த ஆட்டத்தில் இன்னொரு இம்மி. 1969இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் இதை ஒரு எந்திரத்தில் வைத்துச் செய்தே காட்டினார். குறுக்காக ஆட்டினால் நன்றாக இறுக்கிய போல்ட்டும் சில நூறு ஆட்டங்களுக்குள் முழுக்கத் தளர்ந்துவிடும், நீளவாட்டில் ஆட்டினால் அந்த அளவுக்குத் தளராது. மரை புழக்கத்துக்கு வந்து எத்தனையோ நூற்றாண்டுகள் கழித்துத்தான் இவ்வளவு தெளிவான பதில் கிடைத்தது! உராய்வு, தேய்மானம் மாதிரி பகட்டில்லாத ஆராய்ச்சிகளுக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வதற்கு இதுவே காரணம்.

இங்கேதான் ஸ்பிரிங் வாஷரைப் பற்றிச் சொல்ல வேண்டும், நட்டுக்கடியில் போடுகிற, ஓரிடத்தில் வெட்டி லேசாக முறுக்கிய வளையம் அது. அதைப் போட்டால் கழலாது என்று பெரும்பாலானவர்கள் நம்புகிறார்கள். முழுதாக இறுக்கியதும் அது தட்டையாகி வெறும் வாஷராகிவிடுகிறது, போல்ட்டின் நூற்றுக்கணக்கான கிலோ இழுவிசைக்கு முன்னால் அதன் வில்விசை எம்மாத்திரம்? 1990இல் நாசா வெளியிட்ட இணைப்பாணிக் கையேடு, கழலாமல் பிடிக்க அது பயன்படாது என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறது. காரணம் கேட்காமல், எல்லோரும் செய்கிறார்கள் என்று செய்வதும் மூடநம்பிக்கைதான், பட்டறைக்குள் நடந்தாலும்.

என் சாணைக்கல் மோட்டாரும் இப்படித்தான் படுத்தியது. 6 மி.மீ. தடிமனை குட்டை எம்6 போல்ட்கள் பிடித்திருந்தன, தகடுகளுக்குத் தடிமனான பெயின்ட். கழற்றிப் பார்த்தபோது ஓட்டைகளைச் சுற்றி செம்பழுப்பு நிறத்தில் மாவு மாதிரி பொடி, விரலில் ஒட்டியது. தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஆடித் தேய்ந்த இரும்புத் துகள் துருப்பிடித்ததால் வந்த பொடி அது. நடந்தது என்னவென்றால், அவ்வளவு குட்டையான போல்ட் மொத்தமே 0.01 மி.மீ. சுற்றுவட்டாரத்தில்தான் நீண்டிருக்கும். அடியிலிருக்கும் பெயின்ட் அந்த அளவு நசுங்கிவிட்டால் நீட்சி முழுவதும் காலி, பிடியும் காலி. பெரிய சைஸ் போட்டாலும் இதே கதைதான், ஏனென்றால் தடித்த போல்ட் அதே விசைக்கு இன்னும் குறைவாகத்தான் நீளும். நான் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, 40 மி.மீ. இரும்புக் குழாய்த் துண்டுகளைத் தலைக்கடியில் வைத்து, 60 மி.மீ. நீள போல்ட்களாக மாற்றினேன். இப்போது ஏதாவது அதே அளவு நசுங்கினாலும் நீட்சியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போகும். அதற்கப்புறம் ஸ்பானரை எடுக்க வேண்டியிருக்கவில்லை.

இனி பட்டியல். எல்லா அளவிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்காதீர்கள், எம்4, எம்5, எம்6, எம்8 இந்த நான்கோடு நிறுத்திக்கொண்டு ஒவ்வொன்றிலும் நிறைய வையுங்கள். மின்னணு வேலை இருந்தால் எம்3 சேர்த்துக்கொள்ளலாம். தலையில் 8.8 என்று பொறித்ததாக இருக்கட்டும். முதல் எண் 800 மெகாபாஸ்கல் (ஒரு சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன் விசை) வரை அறாது என்பதையும், இரண்டாவது அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை, அதாவது 640 வரை, இழுத்து விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும் என்பதையும் சொல்கிறது. எண்ணே இல்லாத போல்ட்டைச் சுமை தாங்கும் இடத்தில் போடக் கூடாது. ஒரு போல்ட்டுக்கு இரண்டு தட்டை வாஷர் என்ற கணக்கில் வாங்குங்கள். ஸ்பிரிங் வாஷருக்குச் செலவழிப்பதை நைலான் வளையம் பதித்த நட்டில் போடுங்கள், இழுவிசை போனாலும் அந்த வளையம் மரையைக் கவ்விக்கொண்டு நட்டை விழவிடாது. ஒரு சிறு குப்பி த்ரெட்லாக்கர் பசையும் வேண்டும். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் பட்டுக்கொண்டிருக்கும்வரை திரவமாகவே இருந்து, மரைக்குள் காற்றில்லாமல் இரும்போடு சேரும்போது மட்டும் இறுகுகிற அற்புதமான பசை அது, பக்கவாட்டு ஆட்டத்தையும் நன்றாகத் தாங்கும்.

மர ஸ்க்ரூவில் 3.5, 4, 5 மி.மீ. போதும், நீளமானவற்றில் பாதி மரை உள்ளதாகப் பாருங்கள். முழு மரை ஸ்க்ரூ இரண்டு பலகையிலும் கடித்துக்கொண்டு நடுவே இடைவெளியை அப்படியே நிறுத்திவிடும்.

அங்குல அளவுகளைத் தனி டப்பாவில் வையுங்கள். 5/16 அங்குல போல்ட் 7.94 மி.மீ., பார்வைக்கு எம்8தான், ஆனால் மரை இடைவெளி 1.25க்குப் பதிலாக 1.41. எம்8 நட்டில் ஓரிரு சுற்று ஏறிச் சிக்கும், பலவந்தமாகத் திருப்பினால் இரண்டின் மரையும் போச்சு. டப்பா மூடியில் அந்தந்த அளவுக்கு ஒரு நட்டை ஒட்டிவைத்தால் கையில் கிடைத்ததைச் சோதிக்க வசதி.

நீளத்தில் சந்தேகம் வந்தால் நீளமானதையே வாங்குங்கள். குட்டையாக வேண்டுமென்றால் முதலில் ஒரு நட்டைத் தலைப்பக்கமாக ஏற்றிவிட்டு, அப்புறம் ஆக்சா பிளேடால் அறுத்து, முனையை லேசாக அரம் போட்டு, நட்டைக் கழற்றி எடுங்கள். வெளியே வரும்போது அறுத்த இடத்தில் நசுங்கிய மரையை அதுவே நிமிர்த்திவிடும்.