குரங்குக்கு ஒத்துக்கொண்ட மருந்து

"குரங்குக்குக் கொடுத்து ஒன்றும் ஆகாத மருந்து மனிதனுக்கு மட்டும் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். போயிருக்கிறது.

2006 மார்ச் 13 அன்று லண்டன் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், டிஜிஎன்1412 என்ற மருந்தை உடல்நலம் உள்ள ஆறு ஆண்களுக்குப் பத்துப் பத்து நிமிட இடைவெளியில் நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, காய்ச்சல். அடுத்தடுத்து உறுப்புகள் தடுமாற, ஆறு பேரும் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். எல்லோரும் பிழைத்தது பெரிய விஷயம்.

அளவு அதிகமா? வழக்கமான கணக்குப்படி இல்லை. சிறிய விலங்கு மருந்தைச் சீக்கிரம் செரித்து வெளியேற்றிவிடும். அதனால் சுண்டெலி தாங்கிய அளவை ஏறக்குறைய 12ஆலும், குரங்கு தாங்கியதை 3ஆலும் வகுத்து, பாதுகாப்புக்கு இன்னொரு பத்தாலும் வகுப்பது வழக்கம். குரங்கு தாங்கியது கிலோவுக்கு 50 மில்லிகிராம். கணக்குப்படி மனிதருக்கு 1.6 வரை போகலாம். கொடுத்ததோ 0.1தான்.

இனிதான் விஷயமே இருக்கிறது. ரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல் வேலையில் இறங்க இரண்டு சமிக்ஞைகள் வேண்டும். அதன் ஏற்பி கிருமியின் துண்டை அடையாளம் காண வேண்டும். செல்லின் மேலுள்ள சிடி28 என்ற புரதமும் தூண்டப்பட வேண்டும். வங்கி லாக்கருக்கு நம் சாவியும் வங்கியின் சாவியும் சேர வேண்டியிருப்பதைப் போல. டிஜிஎன்1412 சிடி28ஐப் பிடித்து, ஒற்றைச் சாவியிலேயே திறந்துவிடும்.

மருந்து பிடிக்கும் அந்தப் புரதம் மக்காக் குரங்குக்கும் உண்டு. அதனால்தான் அந்தக் குரங்கைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் எந்தச் செல்லில் அது இருக்கிறது? பழைய தொற்றுகளைச் சந்தித்த நினைவு டி செல்களில் ஒரு வகை, தூண்டிய மாத்திரத்தில் சைட்டோகைன்களைக் கொட்டக்கூடியது. நோயெதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று தகவல் சொல்லும் புரதங்கள் இவை; அளவு மீறிப் பொங்கினால் உறுப்புகளே தடுமாறும். நம்மிடம் அந்த வகைச் செல்லில் சிடி28 இருக்கிறது. குரங்கிடம் அதே வகையில் இல்லை! அந்தச் செல்லில் மருந்து ஒட்டவே இடமில்லாத விலங்கு எவ்வளவு கொடுத்தாலும் தாங்கத்தானே செய்யும்? அந்த 50ஐ எதனால் வகுத்து என்ன பயன்?

மனித ரத்தச் செல்களோடு மருந்தைக் கரைசலாகக் கலந்தபோதும் ஆய்வகத்தில் சலனமில்லை. விபத்துக்குப் பிறகு பிரிட்டன் விஞ்ஞானிகள் அதே மருந்தைப் பிளாஸ்டிக் தட்டின் அடியில் உலரவைத்து, மேலே செல்களை விட்டார்கள். சைட்டோகைன் பொங்கியது. எவ்வளவு எளிய சோதனை!

மனித செல்களை வைத்துச் செய்யும் இத்தகைய சோதனைகளை ஏற்க இந்தியாவும் 2023இல் மருந்துச் சோதனை விதிகளைத் திருத்தியது. விதி மட்டும் போதாது. நம் பல்கலைக்கழக ஆய்வகங்களுக்கு இதற்கென்று பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டிஜிஎன்1412 பிறகு வேறு பெயரில் ரஷ்யாவில் சோதனைக்கு வந்தது. லண்டனில் ஏற்றியதில் ஆயிரத்தில் ஒரு பங்கில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டினார்கள். சைட்டோகைன் புயல் வீசவில்லை. நோயெதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் ஐஎல்-10 என்ற சைட்டோகைன்தான் ரத்தத்தில் கூடியது.