65 ஓமா, 882 ஓமா?

“60 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். 65 ஓம் காட்டுகிறது. அதை வைத்து 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 800 வாட்டைத் தாண்டுகிறது. மீட்டர் பழுதா, பல்பில் அச்சடித்திருப்பது பொய்யா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இரண்டுமே இல்லை. மீட்டரும் சரி, பல்பும் சரி.

கணக்கை முதலில் முடித்துவிடலாம், பத்தாம் வகுப்பில் போட்டதுதான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை (ஓம்), பெருக்கினால் திறன் (வாட்). 60 வாட்டை 230ஆல் வகுக்க 0.261 ஆம்பியர். 230ஐ இந்த 0.261ஆல் வகுத்தால் ஏறக்குறைய 882 ஓம். வாசகர் போனது எதிர்த் திசையில்: 230ஐ 230ஆல் பெருக்கி 65ஆல் வகுத்திருக்கிறார், சுமார் 814 வாட். அதிலும் பிழையில்லை. 65 எங்கே, 882 எங்கே? பதின்மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம்.

பாடப்புத்தகத்தில் ஓம் விதி ‘மாறா வெப்பநிலையில்’ என்றுதான் தொடங்கும். ஒப்பிக்கும்போது நாம் விழுங்கிவிடும் சொல் அதுதான். மின்தடையை அளக்க மல்டிமீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். அதில் டங்ஸ்டன் இழை சூடாவதில்லை, அறையின் வெப்பநிலையிலேயே கிடக்கிறது. 230 வோல்ட் கொடுத்தால் 2400 டிகிரி செல்சியசை ஒட்டிப் போய்விடும். அந்தச் சூட்டில் உலோக அணுக்கள் இருந்த இடத்திலேயே பலமாக அதிர்கின்றன. நகரும் எலக்ட்ரான்கள் அடிக்கடி மோதித் திசைமாறுகின்றன, தடை ஏறுகிறது. ஆக, வோல்ட்டையும் ஆம்பியரையும் வைத்து நாம் கண்டுபிடிக்கும் மின்தடை அந்த நொடியின் மின்தடை, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேல்தான். சுவிட்சைத் தட்டிய கணத்தில் இழை இன்னும் குளிர்ந்துதான் இருக்கிறது, 65 ஓம். அப்போது பாய்வது 0.26 ஆம்பியர் அல்ல, மூன்றரை ஆம்பியர். வீட்டு மின்சாரம் ஏறி இறங்கும் மாறுமின்னோட்டம், 230 வோல்ட் என்பது அதன் ஒருவகைச் சராசரிதான். அதன் உச்சத்தில், அதாவது 325 வோல்ட்டில், சுவிட்சு சேர்ந்துவிட்டால் 5 ஆம்பியர். பத்தில் ஒரு நொடிக்குள் இழை சூடாகி, தடை ஏறி, தன் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கடிவாளம் உள்ளேயே இருக்கிறது.

புது பல்புக்கு இது போதும். பழைய பல்பை உற்றுப் பாருங்கள், கண்ணாடியின் உட்புறம் கருத்திருக்கும். இழையிலிருந்து ஆவியாகிப் போன டங்ஸ்டன்தான் அந்தக் கருப்பு. எல்லா இடத்திலும் சமமாக ஆவியாகாது, எங்கோ ஓரிடம் மற்றதைவிட மெலிந்துவிடும். இழை முழுக்க ஓடுவது ஒரே மின்னோட்டம். வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கிய அளவு. மெலிந்த இடத்தில் தடை அதிகம், சூடேற்ற வேண்டிய உலோகமோ குறைவு. அது முந்திக்கொண்டு சூடாகிறது. சூடானால் அதன் தடை இன்னும் ஏறும், இன்னும் சூடாகும். முழு இழைக்கு இருந்த கடிவாளம் இந்த ஓரிடத்துக்குக் கிடையாது. ஏனென்றால் மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது இன்னும் குளிர்ந்து கிடக்கும் மீதி இழை. அது மூன்றரை ஆம்பியரை அனுப்பிக்கொண்டே இருக்க, இந்தப் புள்ளி மட்டும் டங்ஸ்டனின் உருகுநிலையான 3422 டிகிரியைத் தொடுகிறது. ஒரு பளிச், ஒரு ‘டிக்’.

பல்புகள் பெரும்பாலும் போடும்போதே போவது இதனால்தான். எங்கள் வீட்டில் விளக்கு வைக்கும் நேரத்தில் பல்பு போனால் அபசகுனம் என்று பாட்டி அன்று யாரையும் வெளியூர் அனுப்ப மாட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில்தானே சுவிட்சைத் தட்டுகிறோம், வேறு எப்போது போகும்? இதைச் சொல்லி நான் ஒருமுறை திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஹீட்டர், இஸ்திரிப் பெட்டியில் இந்தக் கூத்து இல்லை. அவற்றில் இருப்பது நிக்ரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம்) சுருள். சிவக்கச் சூடானாலும் அதன் தடை சில சதவீதமே ஏறும். 1000 வாட் ஹீட்டர் 53 ஓம் என்று கணக்கு சொன்னால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு அளந்தாலும் அதை ஒட்டியே வரும். பள்ளிச் சோதனைக்கூடத்தில் இப்படிப்பட்ட சாதுவான கம்பியைத்தான் கொடுப்பார்கள், வரைபடமும் நேர்கோடாக வந்துவிடும். கூடவே ஒரு பல்பையும் கொடுத்திருக்கலாம் என்பது என் பழைய குறை.

ஓம் விதியைக் கண்டுபிடித்த ஜெர்மன் இயற்பியலாளர் ஓமே தடுமாறித்தான் வந்தார். 1825இல் அவர் வெளியிட்ட சூத்திரம் தவறு, அளக்க அளக்க அவருடைய மின்கலத்தின் மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு பிஸ்மத்தும் செம்பும் இணைந்த வெப்ப இரட்டையின் (இரு முனைகளின் வெப்பநிலை வேறுபாட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்பு) ஒரு முனையைப் பனிக்கட்டியிலும் மறுமுனையைக் கொதிநீரிலும் நிலைநிறுத்தி, 1826இல் சரியான விதியைப் பிடித்தார்.

செய்து பார்க்க வீட்டு மின்சாரம் வேண்டாம், எரியும் பல்பில் ஓம் அளவையும் வைக்காதீர்கள். பைக் இண்டிகேட்டரில் இருக்கும் 12 வோல்ட், 10 வாட் பல்பு போதும். எரியும்போது அதன் தடை 14.4 ஓம் என்று கணக்கு சொல்லும். கழற்றி, ஆறிய பிறகு மல்டிமீட்டரில் வையுங்கள், ஒரு ஓமுக்குச் சற்று மேலேதான் காட்டும். அதற்கு முன் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். மீட்டர் வயருக்கே கொஞ்சம் தடை உண்டு, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.