கடிவாள வாரின் மறுமுனையில் என்ன நடக்கிறது?

குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவில் பெரும்பாலும் பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளத்தின் இரும்பு அங்கேதான், நாக்கின் மேல் படிந்திருக்கிறது. நாக்குக்கு இருபுறமும் தாடை எலும்பின் விளிம்பு, அதன் மேல் மெல்லிய சவ்வு, அவ்வளவுதான். வாரை இழுத்தால் அழுத்தம் போய்ச் சேர்வது இந்த இடத்தில்.

எவ்வளவு அழுத்தம் என்று சவாரி செய்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது கடினம், ஏனென்றால் இரண்டு கையிலும் ஒரே அளவாகப் பிடித்திருப்பதாக நினைப்பவரின் கைகளே வேறு வேறு அளவில் இழுத்துக்கொண்டிருக்கலாம். அதனால் ஆராய்ச்சியாளர்கள் வாருக்கும் கடிவாள இரும்புக்கும் இடையில் ஒரு சிறிய விசை உணரியை மாட்டுகிறார்கள். அது நொடிக்குப் பல முறை இழுவிசையை நியூட்டனில் பதிவு செய்யும். 10 நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோ எடை தொங்குவது போல.

அந்தப் பதிவை வரைபடமாக்கினால் நேர்கோடாக இருக்காது. டிராட் எனப்படும் மிதமான ஓட்டத்தில் ஒவ்வொரு முழு அடிச்சுழற்சிக்கும் இரண்டு முறை விசை ஏறி இறங்கும். குதிரையின் தலையும் உடலும் அசைய, கை அதோடு போகாமல் நின்றால், சவாரி செய்பவர் இழுக்காமலே இழுப்பு நடந்துவிடுகிறது.

சரி, குதிரை தானாக எவ்வளவு ஏற்றுக்கொள்ளும்? டென்மார்க்கில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் கேட்டது. கடிவாளப் பழக்கமே இல்லாத இளங்குதிரைகளுக்கு முன்னால் தீவனம். அதை எட்ட வேண்டுமானால் வாரைத் தாங்களே இழுத்தாக வேண்டும். முதல் நாள் சுமார் 10 நியூட்டன் வரை இழுத்தவை, அடுத்த நாளிலிருந்து சுமார் 6 நியூட்டனோடு நிறுத்திக்கொண்டன. தீவனம் எதிரே இருந்தும்! என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு தகவலே போதும், சவாரியில் அதைவிடப் பல மடங்கு விசை பதிவாகும்போது நாம் யோசிக்க.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். குதிரை கற்றுக்கொள்வது இழுப்பிலிருந்து அல்ல, இழுப்பு விடுபடும் நொடியிலிருந்து. நிறுத்த இழுக்கும்போது, குதிரை நின்றதும் கை தளர்ந்தால் "நின்றால் அழுத்தம் போகும்" என்று புரிந்துகொள்கிறது. நின்ற பிறகும் கை தளரவில்லை என்றால், என்ன செய்தாலும் அழுத்தம் போகாது என்று பழகி, மரத்துப்போன மாதிரி ஆகிவிடுகிறது, அப்புறம் இன்னும் பலமாக இழுக்க வேண்டியிருக்கிறது. விசை குறைவாகப் பதிவானாலும் நிம்மதி என்று அர்த்தமில்லை. முகவாயை மார்போடு ஒட்டவைத்து இரும்பிலிருந்து தப்பிக்கும் குதிரையின் வாரும் தளர்ந்துதான் இருக்கும்.

அதனால் உணரியோடு வீடியோவும் ஓட வேண்டும்: வாய் திறக்கிறதா, நாக்கு வெளியே வருகிறதா, காது பின்னால் மடிகிறதா, வால் விசிறுகிறதா. இதிலும் ஒரு சிக்கல், மூக்கையும் தாடையையும் சுற்றிக் கட்டும் மூக்குப் பட்டையை இறுக்கிவிட்டால் வாய் திறக்கவே முடியாது, வலி இருந்தும் அடையாளம் மறைந்துபோகும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025-இல் போட்டிகளில் அந்தப் பட்டையின் இறுக்கத்தைப் பார்க்க ஓர் அளவுக் கருவியைக் கொண்டுவந்தது. மூக்கெலும்புக்கும் பட்டைக்கும் இடையில் அது நுழைய வேண்டும்.